செபத்தில் கண் திறந்தவள்

தாராவி,
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஷைனி அக்காவுக்கு,

உன் தங்கை ஆனி எழுதுகிறேன். நான் சுகம், அம்மா சுகம். மழைதான் சுகமில்லாமல் ஜூனிலிருந்து மூக்கொழுகிக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? மடத்துச் சாப்பாட்டில் காரம் போடுகிறார்களா?

கன்னியர் மடத்துப் பயிற்சியில் போன் கூடாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது லேசாக எடுத்துக்கொண்டேன். இப்போது விரல் ஒடிகிறது. ஹிந்தி மீடியத்தில் படித்தவளுக்கு மூன்று ‘ந’வும் ஒன்றுதான். பிழை இருந்தால் திருத்தி வாசி, திருப்பி அனுப்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஞானசேகரன் அண்ணன் ஸ்டூடியோவில் சேர்ந்த நாளிலிருந்து நான் என்ன செய்கிறேன்? லைட் பிடிக்கிறேன். பெண்ணின் சேலை மடிப்பைச் சரி செய்கிறேன். பந்தியில் சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்கிறேன். தாலி கட்டும் நேரம் வந்தால் அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நிற்பார். எங்கள் தொழிலில் தாலியை எடுக்கிறவர்தான் போட்டோகிராபர். மற்றவர்களெல்லாம் லைட் ஸ்டாண்டுக்குச் சமம்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அண்ணனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கல்யாணம். மாட்டுங்கா கல்யாணத்துக்கு அவர் போகிறார். நம்ம கோயில் கல்யாணம் எனக்கு! பீடத்துப் பக்கத்தில் நான், நான் மட்டும்! அம்மாவிடம் குதித்துக்கொண்டு சொன்னேன். “ஏட்டி, ஊரார் தாலியெல்லாம் நீ எடுத்துக்கிட்டு நிக்க. ஒன் தாலிய எவன் எடுக்கது?” என்றாள். அவள் அப்படித்தான். நீ எனக்காக ஒரு செபமாலை சொல்லிவிடு.

அன்புத் தங்கை,
ஆனி


நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்,
27 ஆகஸ்ட் 2023

இயேசுவுக்குப் புகழ்!

அன்புத் தங்கை ஆனிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலமே. எங்களுக்கு வருவதையும் நாங்கள் எழுதுவதையும் பயிற்சித் தலைவி சகோதரி பெர்னதெத் முதலில் வாசிப்பார்கள். நீ காரம் பற்றிக் கேட்டதை வாசித்த மறுநாள் மிளகாய்த் துவையல் அரைக்கச் சொன்னார்கள். இன்னும் எதையாவது கேள்.

செபமாலை சொல்லிவிட்டேன், ஒன்றல்ல இரண்டு. அம்மா பேசுவதைப் பெரிதாக எடுக்காதே. கைப்பை பட்டறையில் நாளெல்லாம் குனிந்து தைத்து வளர்த்தவள். நீ எங்காவது பத்திரமாக உட்கார வேண்டும் என்றுதான் நினைப்பாள்.

அடுத்த மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு. துறவியாக வாழ்வேன் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கும் நாள். வெளி போட்டோகிராபரை உள்ளே விட மாட்டார்கள், வீட்டார் எடுக்கலாம். ஆகவே என் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் நீதான், இப்போதே சொல்லிவிட்டேன். அதற்குள் தாலி எடுத்துப் பழகிக்கொள்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்றும் உன் அக்கா,
ஷைனி


தாராவி,
10 செப்டம்பர் 2023

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எல்லாம் நாசமாகப் போச்சு.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நான் பீடத்துக்குப் பக்கவாட்டில் முழங்கால் போட்டு, மாப்பிள்ளை, பெண், ஃபாதர் என்று மூன்று முகமும் வருகிற மாதிரி கேமராவைப் பிடித்துக்கொண்டு தயாராக இருக்கிறேன். பெண்ணின் பேர் அக்சீலியா. கழுத்தைக் கொடுத்து நிற்கிறாள். அந்த நேரத்தில் ஃபாதர் இரண்டு கையையும் நீட்டி, “செபிப்போமாக” என்றார்.

அவ்வளவுதான். என் கண் தானாக மூடிக்கொண்டது. தலை தானாகக் குனிந்தது. ஃபாதர் உருகி உருகிச் செபித்தார், நானும் உருகினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் தாலி கழுத்தில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை வியர்வையைத் துடைக்கிறார்.

கோயிலில் அத்தனை பேர் கையிலும் போன் இருந்ததே, ஒருவராவது எடுத்திருக்கக் கூடாதா? எடுக்கவில்லை. எல்லாரும் நம்ம ஆட்கள். ஒருத்தர் விடாமல் கண்ணை மூடிவிட்டார்கள்! வீடியோக்காரனிடம் இருப்பது மாப்பிள்ளையின் முதுகு.

நேற்று அவர்கள் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, “மெமரி கார்டு கரப்ட் ஆயிருச்சு. ஒண்ணும் கவலையில்ல, தாலியக் கழட்டிட்டு மறுபடி கட்டுத மாதிரி ரெண்டு பேரும் நில்லுங்க, அஞ்சு நிமிஷம்” என்றார். அக்சீலியா கழுத்தைப் பொத்திக்கொண்டாள். “தாலியக் கழட்டவா? வாயக் கழுவுங்கண்ணே!” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

என்னால் பொறுக்க முடியவில்லை. “கார்டு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் செபத்துல கண்ண மூடிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா, “கண்ண மூடுததுக்கா ஒனக்குக் கூலி?” என்று கத்தினார். பெண்ணின் அம்மா, “செபத்துல கண்ண மூடுனதுக்கு எப்படிப்பா ஏசுதது?” என்று பாதி எனக்கும் பாதி அவருக்குமாகப் பேசினாள். அக்சீலியா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் என்னிடமிருந்து ஸ்டூடியோ சாவியை வாங்கிக்கொண்டார். அம்மா, “நல்லதாப் போச்சு, பட்டறைக்கு வா” என்கிறாள். அக்கா, எனக்கு அசிங்கமாக இருக்கிறது. கண்ணை மூடுகிறவள் கேமராவைத் தொடலாமா?

ஆனி


நவகன்னியர் இல்லம்,
24 செப்டம்பர் 2023

இயேசுவுக்குப் புகழ்!

அன்பு ஆனிக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் உடம்பு நன்றாக இருக்க மன்றாடுகிறேன். உன் கடிதத்தை வாசித்து அழுதேன். பிறகு, மன்னித்துக்கொள், சிரித்தேன்.

நம் வீட்டுச் சாயங்காலச் செபம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். நீ பயந்துபோய் இறுக்கி மூடிக்கொள்வாய். எனக்கு ஒரு நாளும் மூட முடிந்ததில்லை, ஆனி. உதட்டை அசைத்துக்கொண்டே உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்குமே, செபிக்கும்போது மட்டும் அது இருக்காது. நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியேயில் பாதியை முழுங்குவாய். அந்த முகங்களைப் பார்த்துத்தான் எனக்குக் கடவுள்மேல் ஆசை வந்தது. மடத்துக்கு வந்ததும் அதனால்தான்.

செபிக்கிறவர்கள் கண்ணை மூடட்டும். ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தால் கடவுள் கோபிக்க மாட்டார். அவர்களுடைய முகத்தை அவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அது நீயாக இருந்துவிட்டுப் போ.

சகோதரி பெர்னதெத் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்பு அக்கா,
ஷைனி

(கீழே வேறு கையெழுத்தில்: வாசித்தேன். சகோ. பெர்னதெத்)


தாராவி,
12 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கும், முதலில் வாசிக்கும் சகோதரி அவர்களுக்கும்,

இருவருக்கும் தங்கையின் வணக்கம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன், வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

பட்டறைக்குப் போகவில்லை. போக மாட்டேன். மாஹிமில் பழைய கேமரா விற்கும் முகம்மது ஹனீப் பாயிடம் தவணைக்கு ஒன்று வாங்கிவிட்டேன். “டென்ஷன் மத் லே, பேட்டி. ஃபோட்டோ கீஞ்ச், பைசா ஆயேகா” என்றார். (சகோதரி அவர்களுக்காக: கவலைப்படாதே மகளே, படம் எடு, பணம் வரும்.) கோபர்கைரனேயில் காதுகுத்து எடுத்தேன். கல்யாண் ஊரில் முத்துமாரி என்ற பிள்ளை வயசுக்கு வந்த சடங்கு எடுத்தேன். பிள்ளை இருக்கிற அறைக்குள் ஆம்பளையை விட முடியாது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். செம்பூரில் ஒரு வீட்டில், “மெஹந்திக்கு நீ வாம்மா, முகூர்த்தத்துக்கு ஜென்ட்ஸ் வந்துருவாங்க” என்றார்கள். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனேன். மருதாணிக் கையோடு மூக்கு அரிக்க, சொறிய முடியாமல் தவித்த பெண்ணை எடுத்தேன். அந்த வீட்டில் எல்லாரும் சுற்றிச் சுற்றி அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார்களாம்.

ஞாயிறு பூசையில் பயிற்சி எடுக்கிறேன். ஃபாதர் செபிப்போமாக என்றதும் கண்ணை விரித்துக்கொண்டு நிற்பேன். போன வாரம் அம்மா பார்த்துவிட்டாள். இத்தனை வயதில், கோயிலில் வைத்து, தொடையில் கிள்ளினாள் அக்கா! “பிசாசு மாதிரி முழிக்காத” என்றாள். அவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டேன், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

உன் வார்த்தைப்பாடு எந்தத் தேதி? டிக்கெட் போட வேண்டும்.

ஆனி


நவகன்னியர் இல்லம்,
26 நவம்பர் 2023

அன்பு ஆனிக்கு,

இறைவன் உன்னோடு இருப்பாராக. நலம். அடுத்த வாரம் திருவருகைக் காலம் தொடங்குவதால் கிறிஸ்து பிறப்பு முடியும்வரை கடிதம் கிடையாது. தேதி இன்னும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மருதாணிப் பெண்ணின் படத்தை அனுப்பு. சகோதரி பெர்னதெத்தும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ஷைனி


தாராவி,
15 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

புது வருஷமும் பொங்கலும் சேர்த்துச் சொல்கிறேன், சுகமாக இரு. பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்கா பானையோடு வாசலில் நிற்கிறாள், பொங்கி வழிவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

யார் வந்தது தெரியுமா? அக்சீலியா! தாலி போட்டோ இல்லாத அதே அக்சீலியா. சந்துக்குள் வழி கேட்டு வந்துவிட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, “எங்க தங்கச்சிக்குக் கல்யாணம். நீதான் எடுக்க” என்றாள்.

“கிண்டல் பண்ணுதியளா?” என்றேன்.

“இல்லட்டி. தாலி தவிர நீ எடுத்தது எல்லாத்தையும் பாத்தேன். எங்கம்மா ஒரு மூலையில நின்னு என் செருப்பத் தொடச்சதக்கூட எடுத்திருக்க. நான் அத அன்னைக்குப் பாக்கவே இல்ல. அப்புறம், அந்தக் கடையில உண்மையச் சொன்ன ஒரே ஆளு நீதான். ஆனா பாத்துக்கோ, அன்னைக்கு ஒன் பக்கத்துலதான் நிப்பேன். கண்ண மூடுன, கிள்ளிருவேன்” என்றாள்.

அக்கா, என் பேரில் வருகிற முதல் கல்யாணம். பீடத்தில், தாலிக்கு, நான். இதில் தவறினால் தாராவியில் எவளும் என்னைக் கூப்பிட மாட்டாள், எனக்கே என்னைக் கூப்பிடத் தோன்றாது. மாப்பிள்ளை பேர் பிரைட்டன். நாள் மே பதினொன்று.

உன் தேதி என்ன? அது மே பதினொன்றாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன். இருந்தால் சொல்லிவிடு. அக்சீலியாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடுவேன், சத்தியம். உன் நாளைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை.

பொங்கிவிட்டது. குலவை கேட்கிறது, போகிறேன்.

ஆனி


நவகன்னியர் இல்லம்,
28 ஜனவரி 2024

இயேசுவுக்குப் புகழ்!

என் தங்கத்துக்கு,

சளி பிடித்திருந்தது, சரியாகிவிட்டது. உன் செய்தியை வாசித்துவிட்டு சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் சொன்னேன். சகோதரிகள் கை தட்டினார்கள்.

அக்சீலியாவை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கோயிலில் காலையில் சூரியன் எந்தச் சன்னல் வழியாக வரும் என்று முன்னாலேயே போய்ப் பார்த்து வை. ஃபாதரிடம் பேசி, தாலி நேரத்தில் எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொள். பீடச் சிறுவர்கள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள். அன்று காலையில் பட்டினியாகப் போகாதே, உனக்குக் கை நடுங்கும்.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். தவக்காலம் வருகிறது. இனி உயிர்ப்பு விழாவுக்குப் பிறகுதான் எழுதுவேன்.

அக்கா


தாராவி,
10 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

தவக்காலம், பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா? வாய்க்கு வந்ததைக் கேட்கிறேன், கோபிக்காதே.

எத்தனை முறை தேதி கேட்டேன்! ஜனவரிக் கடிதத்தில் சூரியனைப் பற்றி எழுதினாய், பட்டினியைப் பற்றி எழுதினாய், தேதியை மட்டும் விட்டுவிட்டாய். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. உனக்கு அங்கே பிடிக்கவில்லை, சொல்ல வெட்கப்படுகிறாய். அப்படி இருந்தால் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. ஊர் பேசும், பேசட்டும். உனக்கும் சேர்த்து நான் சம்பாதிப்பேன். சகோதரி பெர்னதெத், இதை வாசித்தால் அவளிடம் கண்டிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே சண்டை. ஞானசேகரன் அண்ணன் பிரைட்டன் வீட்டுக்கே போய், “அந்தப் பிள்ளைக்குப் பீடத்துல கண்ணு அவிஞ்சிரும். தாலிக்கு மட்டும் நான் நிக்கேன், அது மத்தத எடுக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் என்னைக் கூப்பிட்டு, “அப்படியே வச்சுக்குவோமாம்மா?” என்று கேட்டார்கள். “தாலி எனக்கு இல்லன்னா கல்யாணமே எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அக்சீலியாவின் தங்கை முன்னால் வந்து, “எனக்கு ஆனிதான்” என்றாள். பேச்சு முடிந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஏசுவாள் என்று பார்த்தேன். “சரியாத்தான் சொல்லிருக்க” என்றாள். சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள்.

ஆனி


நவகன்னியர் இல்லம்,
7 ஏப்ரல் 2024

அல்லேலூயா! உயிர்ப்பு விழா வாழ்த்து உனக்கும் அம்மாவுக்கும்.

ஆனிக் குட்டி, உன் கடிதத்தைக் கொடுத்தபோது சகோதரி பெர்னதெத்துக்குக் கண் கலங்கியிருந்தது. “ஒன் தங்கச்சி என்னையே மிரட்டுதா” என்றார்கள். எனக்கு இங்கே மிகவும் பிடித்திருக்கிறது. நான் எங்கும் வரவில்லை. ஆனால் வா என்று கூப்பிட்டாயே, அதை வைத்துக்கொண்டேன்.

இனி நீண்ட தியானம், மே முடிகிறவரை என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு உறை வைத்திருக்கிறேன், பிரிக்காமல் கொடு.

மே பதினொன்று காலையில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறந்து வை.

அக்கா


தாராவி,
12 மே 2024

அக்கா, அக்கா, அக்கா!

சுகமெல்லாம் பிறகு. எடுத்துவிட்டேன்!

ஃபாதர் கையை நீட்டினார். “செபிப்போமாக.” கோயில் மொத்தமும் கண்ணை மூடியது. எனக்கும் இமை கனத்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். அக்சீலியா கிள்ளுவதற்குக் கையைக் கொண்டுவந்தாள், அதற்குள் நான் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பிரைட்டனுக்கு முடிச்சு வழுக்குகிறது. பெண் கண்ணை மூடிக்கொண்டே மெதுவாக ஒரு கையைத் தூக்கிக் கூந்தலை ஒதுக்கி வழி விடுகிறாள். அதை அந்தக் கோயிலில் யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் கை ஆடவில்லை. நீ சொன்னபடி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன்.

சாயங்காலமே மூன்று பேர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். செம்பூர் மெஹந்தி வீட்டிலிருந்தும் போன் வந்தது, இந்த முறை முகூர்த்தத்துக்கு.

அம்மாவிடம் இன்னும் காட்ட முடியவில்லை. பெரியம்மா பேத்திக்கு ஞானஸ்நானம் என்று ஊருக்குப் போயிருக்கிறாள். நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்தாள். ஞானஸ்நானத்துக்குப் பட்டா என்று கேட்டேன். “ஒன் சோலியப் பாரு” என்றாள்.

மே பாதி வந்துவிட்டது. இப்போதாவது தேதியைச் சொல். உன் நாளுக்காக கேமராப் பையைத் திரும்பக் கட்டி வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

உன் போட்டோகிராபர்,
ஆனி


திண்டுக்கல்,
12 மே 2024

என் ஆனிக்கு,

இதை யாரும் வாசிக்கவில்லை. இனி போனிலும் பேசலாமாம். ஆனாலும் எழுதி அம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவள் உன் முன்னால் நீலப் பட்டுப் பையோடு, ஏச்சு வாங்கத் தயாராக நின்றுகொண்டிருப்பாள். அவளை ஏசாதே. ஏசுவதென்றால் என்னை ஏசு.

நேற்று காலை எனக்கு வார்த்தைப்பாடு முடிந்தது. ஜனவரியில் உன் கடிதம் வந்த அதே வாரம் தேதி சொன்னார்கள். மே பதினொன்று. சொன்னால் நீ வந்துவிடுவாய், சத்தியம் வேறு பண்ணியிருந்தாய். நீ பீடத்தில் நிற்க வேண்டிய நாளில் என் பீடத்துக்கு வந்துவிட்டால், ஆயுள் முழுக்க எனக்கு அது உறுத்தும். அம்மாவுக்கு எழுதி, நீயாவது வா, ஆனியிடம் சொல்லாதே என்று கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். “அவ வேலையக் கெடுக்காண்டாம், நான் வாரேன்” என்று இரண்டே வரி எழுதியிருந்தாள். உன் தொழிலை ‘வேலை’ என்று அம்மா சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போட்டோ ஒன்றுகூட இல்லை. நீ இல்லாமல் யாரையும் எடுக்கவிட எனக்கு மனமில்லை.

நான் பீடத்தின் முன் முழங்காலில் இருந்தேன். ஆயர் செபிப்போமாக என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். நான் வழக்கம்போல் திறந்துதான் வைத்திருந்தேன், லேசாகத் திரும்பினேன். முதல் வரிசையில் நீலப் பட்டு. அம்மாவும் கண்ணை மூடவில்லை, ஆனி. அகல விழித்துக்கொண்டு, ஆயரை, என்னை, மெழுகுதிரியை, மேலே சன்னலை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சுருக்கம் இல்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “யம்மா, செபத்துல கண்ணத் தொறந்து வச்சிருந்தியே! எங்களப் போட்டு அந்தக் கிள்ளு கிள்ளுவ?”

“பெறகு? சின்னவ வந்து கேப்பாள்லா, வெளிச்சம் எங்கருந்து வந்துச்சு, யாரு எங்க நின்னா, நீ எப்படி இருந்தன்னு. ஒண்ணு விடாமப் பாத்து வச்சிருக்கேன், போய்ச் சொல்லணும்லா” என்றாள்.

அவளுக்கு முதலில் டீ கொடு. பிறகு உட்கார வைத்துக் கேள். சொல்லும்போது கண்ணை மூடினாள் என்றால், நன்றாகக் கிள்ளு.

உன் அக்கா,
சகோதரி ஷைனி